அழைத்தால் வருகிறவர்

மூன்று மாத காலம் நான் தினமும் காலையில் ஒரு மந்திரம் சொல்லி வந்தேன். குளித்து, காபி குடித்துவிட்டு, எழுதுகிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் முதல் காரியம் அதுதான். மந்திரம் இரண்டு சொல். மூன்றாவதாக ஒரு பெயர். 'சூடோ மோட்புரோப்' என்று ஆரம்பித்து அந்தப் பெயரைப் பிழையில்லாமல் லாப்டாப்பில் அடித்து, ரகசியச் சொல்லையும் அடித்து, கடைசியாக ஒரு தட்டுத் தட்டினால் நாலு விநாடியில் வைஃபை வந்து சேரும். அடிக்காவிட்டால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் வராது.

"தினம் தினம் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியிருக்கிறதே, உங்கள் இன்டர்நெட்டை!" என்று என் மனைவி ஒரு நாள் சொன்னாள். நான் சிரித்தேன். அந்த வார்த்தை எவ்வளவு சரியானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரிப் படிப்பை நடுவிலேயே விட்டவன். யந்திர சாஸ்திரத்துக்கும் எனக்கும் உறவு கிடையாது. என்னிடம் இருப்பது 2015-ல் வாங்கிய லாப்டாப். அடுத்த வருஷமே அது நகராமல் படுத்துக்கொண்டபோது, என் அக்காள் மகன், அப்போது இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தவன், விடுமுறைக்கு வந்த இடத்தில் அதில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். "பைசா செலவில்லை மாமா. பழைய மிஷினுக்கு இதுதான் லாயக்கு" என்றான். வாஸ்தவம்தான். எனக்கு எழுத ஒரு பக்கம் வேண்டும், தமிழ் எழுத்து வேண்டும், எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்ப ஒரு வழி வேண்டும். மூன்றும் கிடைத்தன. சுமார் எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

பிறகு, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 என்ற பதிப்புக்கு மாறினால் நல்லது என்று யாரோ சொல்ல, எதிர்வீட்டுப் பையன் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். எல்லாம் பிரமாதமாக முடிந்து லாப்டாப் மறுபடி விழித்தபோது வைஃபையைக் காணோம். பையன் அரை மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்துக் கடைசியில் அந்த மந்திரத்தைக் கண்டுபிடித்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜை விளிம்பில் ஒட்டினான். "இப்போதைக்கு இதை அடிங்க சார். அப்புறமா பார்க்கலாம்." அந்த 'அப்புறம்' மூன்று மாதம் நீடித்தது. நம் வீடுகளில் ஒழுகுகிற குழாய்க்குக் கீழே வைத்த பாத்திரம், பிறகு அந்த இடத்துச் சாமானாகவே ஆகிவிடும் அல்லவா? அதைப்போல.

இந்தச் சங்கதியை வாசகர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அவசியம் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தின் முடிவில் நான் தெரிந்துகொண்டது வைஃபையைப் பற்றி மட்டும் அல்ல. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், ஒழுங்காக இருக்கிற ஒரு யந்திரத்தில் இந்தக் காரியம் தானாக எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மருமகன் எனக்குச் சொன்ன விதமாகவே சொல்கிறேன்.

லினக்ஸின் உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது வாலிபர் ஆரம்பித்து வைத்தது. பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தது. வீட்டுக்குப் பெரியவர் மாதிரி அது. ஆனால் எல்லாச் சாமான்களோடும் பேசுகிற பாஷை பெரியவருக்கே தெரியாது. வைஃபை கார்டோடு பேச ஒருவர், ஒலிபெருக்கியோடு பேச ஒருவர் என்று தனித்தனி ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். வண்டி ஓட்டுகிறவர் அல்ல; துபாஷி என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். எத்தனையோ விதமான கார்டுகள் உலகத்தில் இருப்பதால் அத்தனை துபாஷிகளையும் எப்போதும் கூடத்தில் உட்கார்த்தி வைக்க முடியாது. அவர்கள் தட்டுமுட்டு அறையில் படுத்திருப்பார்கள். வேண்டியவர் மட்டும் எழுந்து வருவார்.

வேண்டியவர் யார் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கார்டும் தன்னிடம் இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஒன்று அதைச் செய்த கம்பெனியின் எண். மற்றொன்று அந்தச் சரக்கின் எண். ஒவ்வொன்றும் நாலு இலக்கம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை போதாமல் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துக்களையும் இலக்கமாகச் சேர்த்துக்கொள்வதால் ஒவ்வொன்றிலும் 65,536 எண்களுக்கு இடம் உண்டு. யந்திரம் விழித்ததும் கெர்னல் அந்த எண்களைப் படித்து, "இப்படி ஒரு ஆள் வந்திருக்கிறார்" என்று அறிவிக்கிறது. அறிவிப்பைக் கேட்பதற்கென்றே யூடெவ் என்று ஒரு காரியஸ்தன் காத்திருக்கிறான். 2003-ல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்பவர் எழுதியது அது. துபாஷிகள் ஒவ்வொருவரும் "இன்ன இன்ன எண் வந்தால் அது எனக்கு உரியது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களை எல்லாம் தொகுத்து ஒரு பட்டியல் இருக்கிறது. காரியஸ்தன் பட்டியலைப் பார்த்து உரியவரை எழுப்புகிறான். அவர் வந்து, கார்டுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் என்கிற சிறு நிரலையும் ஏற்றி, வேலையைத் தொடங்கிவிடுகிறார். இத்தனையும் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. யாரும் யாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'உரியவர் வாருங்கள்' என்கிறார்கள், வருகிறார்.

இந்த ஏற்பாடு ஆதியில் இல்லை. 1990-களில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் தங்கள் யந்திரத்தில் என்ன கார்டு இருக்கிறது என்று தாங்களே தெரிந்துகொண்டு, துபாஷியின் பெயரைக் கோப்பில் எழுதி வைத்து அல்லல்பட்டார்களாம். இன்று 'தானாக' நடக்கிறது என்று நாம் சொல்லுகிற காரியத்துக்குப் பின்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்து அந்த எண்களை எழுதி வைத்த உழைப்பு இருக்கிறது.

என் லாப்டாப்பில் இந்தச் சங்கிலி எங்கேயோ அறுந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது பெங்களூரில் உத்தியோகமாக இருக்கிறான்.

அவன் முதலில் கேட்ட கேள்வி: "கையால கூப்பிட்டா வருதா, மாமா?"

"வருகிறது. ஒரு தகராறும் இல்லை."

"அப்ப பாதி ஆஸ்பத்திரி முடிஞ்சாச்சு" என்றான். நோயாளி செத்துப் போகவில்லை என்று டாக்டர் சொல்வது மாதிரி இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூப்பிட்டால் வருகிறது என்றால் துபாஷி வீட்டில்தான் இருக்கிறார், ஆரோக்கியமாக இருக்கிறார். ஃபர்ம்வேர் இருக்கிறது. வானொலியை அணைக்கும் ஸ்விட்ச் எதுவும் அணைந்திருக்கவில்லை. கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடமாட்டேன் என்று சில யந்திரங்கள் மறுக்கும். அந்த மறுப்பும் இல்லை. ஆகவே கோளாறு ஆளிடம் இல்லை. ஆளுக்கும் அழைப்புக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ஒரு கட்டளையைச் சொல்லி அடிக்கச் சொன்னான். திரையில் கார்டின் பெயர் வந்தது. அதற்குக் கீழே 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரியில் துபாஷியின் பெயரும் இருந்தது. அதாவது, இந்தக் கார்டுக்கு உரியவர் இவர்தான் என்று யந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. 'இப்போது வேலை செய்கிற டிரைவர்' என்று ஒரு வரி இருக்க வேண்டும், அதுதான் இல்லை. பிழை என்றோ, தோல்வி என்றோ எங்கும் ஒரு சொல் இல்லை. உரியவர் வரவில்லை, வரவில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை.

"சரி, இப்படிச் செய்வோம்" என்றான். விழிக்கும்போதே கட்டாயமாக எழுப்ப வேண்டியவர்கள் பெயரை எழுதி வைக்க ஒரு கோப்பு உண்டு. அதில் அந்தப் பெயரை எழுதச் சொன்னான். எழுதி, யந்திரத்தை அணைத்து, மறுபடி எழுப்பினேன். அப்போதும் வரவில்லை. மருமகன் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான் என்பது குரலிலிருந்தே தெரிந்தது. யந்திரம் தனக்குத் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, துபாஷியின் பெயர் வருகிற இடத்தைப் படிக்கச் சொன்னான். படித்தேன். அந்தப் பெயரை அடுத்து 'டினை-லிஸ்டட்' என்று இருந்தது. அனுமதி மறுக்கப்பட்டவர் பட்டியலில் உள்ளவர் என்று அர்த்தம்.

மறுமுனையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு சிரித்தான்.

"மாமா, அது நான் எழுதின வரிதான்."

'எட்சி மோட்புரோப் டாட் டி' என்று ஒரு இடம் சொன்னான். அங்கே ஒரு கோப்பு, கோப்பில் இரண்டே வரி. இரண்டாவது வரி, 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லும் துபாஷியின் பெயரும். அதற்கு மேலே, யந்திரம் படிக்காத, மனிதனுக்காக மட்டும் எழுதிய குறிப்பு ஒன்று. ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொல்கிறேன்: 'பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இணைப்பு அறுகிறது. தற்காலிகம். சரியானதும் இதை எடுத்துவிடவும்.' அதன்கீழ் 2016-ம் வருஷத்துத் தேதி.

2016-ல் கெர்னலோடு வந்த அந்தத் துபாஷி திக்கித் திக்கிப் பேசியிருக்கிறார். ஆகவே கார்டு செய்த கம்பெனியே கொடுத்த வேறொரு துபாஷியை மருமகன் கொண்டுவந்து வைத்தான். ஒரே கார்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் ரகளையாகும். அதனால் பழையவரைத் தடுத்து ஒரு வரி எழுதினான். அன்றைக்கு அது சரியான காரியம். பிறகு பழையவரை உலகத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள் திருத்தினார்கள். அவருடைய திக்கல் போய்விட்டது. டெபியன் 12-ன் புதிய கெர்னலோடு கம்பெனிக்காரர் ஒத்துப்போகவில்லை, அவர் போய்விட்டார். யாருக்காகத் தடை போட்டோமோ அவரும் இல்லை, எதற்காகப் போட்டோமோ அந்தக் குறையும் இல்லை. தடை மட்டும் இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். "தடுக்கப்பட்டவர் என்றால் கையால் கூப்பிட்டபோது மட்டும் எப்படி வந்தார்?"

அதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. இந்தத் தடை ஆளைத் தடுப்பதில்லையாம். 'இன்ன எண் எனக்கு உரியது' என்று அவர் சொல்லி வைத்திருக்கிறாரே, அந்தச் சொல்லை மட்டும் செல்லாததாக்குகிறது. பெயர் சொல்லிக் கையால் கூப்பிட்டால் எழுந்து வருவார். குறைவில்லாமல் வேலை செய்வார். விழிக்கும்போது பட்டியலைப் படித்து எழுப்புகிற காரியஸ்தர்கள் மட்டும் தடையைப் பார்த்துவிட்டு அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், அவரிடமிருந்து பறிக்கப்பட்டது உரிமை. சக்தி அப்படியே இருக்கிறது.

அந்த வரியின் தலையில் ஒரு குறியைப் போட்டு அதை மௌனமாக்கினேன். அணைத்து எழுப்பினேன். மந்திரம் இல்லாமல் வைஃபை வந்து நின்றது. காகிதத் துண்டைக் கிழித்தேன். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

"அப்பா எப்படி இருக்கிறார்?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"கண்ணுதான் மாமா தொந்தரவு. போன வாரம்கூடக் கும்பகோணம் வந்துட்டுப் போனாரே. மூணு தடவை வந்துட்டார். டாக்டர் அங்கதானே?"

நான் இருப்பது கும்பகோணத்தில். அக்காள் வீடு மாயவரத்தில். ஒரு மணி நேரப் பயணம். கண் டாக்டர் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு.

"இங்கே வரவில்லையே?"

"நீங்க எழுதிக்கிட்டிருப்பீங்கன்னு சொன்னார், மாமா" என்றான். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான்.

என் அத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டுறவு பாங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் இருந்தபோது வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது காரியமாகக் கும்பகோணம் வருவார். வந்தால் என் வீட்டுக்கு வராமல் போகமாட்டார். வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்கும், "இருக்கியாடா?" என்ற குரல் அதற்குப் பின்னால் வரும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ, பொட்டலத்தில் பக்கோடாவோ இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, நான் எழுதுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, பாங்கி சமாசாரம் எல்லாம் சொல்லுவார். அவர் சொன்ன மனிதர்களில் நாலைந்து பேராவது என் கதைகளில் நடமாடுகிறார்கள்.

2017-ல் நான் ஒரு வாரத் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். ஒரு வியாழன் மத்தியானம், அத்தியாயம் பாதியில் நிற்க, பத்திரிகையிலிருந்து இரண்டாவது தடவை போன் வந்து வைத்த அந்தக் கணத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய், "அத்தான், இனிமே வரும்போது ஒரு போன் பண்ணிட்டு வாங்க" என்றேன். கோபமாகச் சொன்னேனா? இல்லை என்றுதான் ஞாபகம். அவர் "ஆமாமா, சரிதான்" என்றார். பழத்தை வைத்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் சொல்லாமல் வந்ததில்லை, சொல்லிக்கொண்டும் வந்ததில்லை. கூப்பிட்டால் வருவார். தீபாவளிக்கு, பெண்ணின் சடங்குக்கு, புதுவீட்டுப் பால் காய்ச்ச, எல்லாவற்றுக்கும் வந்தார். முதல் பந்தியில் பரிமாறினார். என் அம்மாவுக்கு மூச்சுத் திணறிய இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ஆகவே எனக்குக் குறையே தெரியவில்லை. எங்கள் உறவில் பழுது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே போயிருப்பேன். வயதாகிவிட்டது, அலைச்சலைக் குறைத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தொடர் 2018-லேயே முடிந்து, புஸ்தகமாகவும் வந்து, கடைகளில் தூசி படிந்து கிடக்கிறது. நான் அன்று சொன்ன வாக்கியம் மட்டும் எட்டு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் தப்பு எங்கே என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டது நியாயமான காரியம். எழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும். அவரும் அதை மறுக்கவில்லை. அழைத்த போதெல்லாம் வந்தார். கடமையில் ஓர் அணுவும் குறைவில்லை. ஜெர்மனி தேசத்துத் தத்துவாசிரியர் கான்ட், கடமை என்று உணர்ந்து செய்கிற செயலுக்குத்தான் அற மதிப்பு உண்டு என்று 1785-ல் வெளிவந்த தம் நூலில் வாதிக்கிறார். இயல்பான அன்பினால் உதவி செய்கிறவன் நல்லவன்தான், பாராட்டலாம். ஆனால் அறத்தின் தராசில் அதற்கு எடை இல்லை என்பது அவர் கட்சி. அவருக்கு இரண்டாயிரம் வருஷம் முந்திய அரிஸ்டாடில் வேறு மாதிரி சொல்கிறார். நல்லதைச் செய்வதில் சந்தோஷம் காணாதவன் இன்னும் நல்லவனாகவில்லை. பழகிப் பழகி இயல்பாகிவிட்ட நன்மைதான் நிறைந்த நன்மை என்பது அவர் அபிப்பிராயம்.

இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் என் அனுபவத்தில் ஒன்று தெரிகிறது. இரவு இரண்டு மணிக்கு அழைத்தபோது வந்த அத்தானை நான் காலமெல்லாம் வணங்குவேன். வியாழன் மத்தியானம் பக்கோடாப் பொட்டலத்தோடு வந்த அத்தானை நான் இழந்துவிட்டேன். ஆபத்துக்கு வருகிறவரைக் கடமை கொண்டுவந்து சேர்த்துவிடும். காரணம் இல்லாமல் வருகிறவரை எந்தக் கடமையும் கொண்டுவராது. உரிமை ஒன்றுதான் கொண்டுவரும். அந்த உரிமையைத்தான் நான் ஒரு வரியில் அடித்துப்போட்டேன். அழைக்காத வீட்டில் நுழையக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் அழைக்காமல் நுழையக்கூடிய வீடு நாலாவது இல்லாதவன் எவ்வளவு பெரிய ஏழை!

தடைகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் மருமகன் அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் இரண்டு துபாஷிகளும் முட்டிக்கொண்டு, எனக்கு எட்டு வருஷம் வைஃபையே இருந்திராது. மனிதர் வாழ்விலும் சிலரைச் சில காலம் வாசலோடு நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான், நான் செய்யவில்லை. தடைக்கு மேலே அதன் காரணத்தை எழுதினான். தற்காலிகம் என்று எழுதினான். எப்போது எடுக்க வேண்டும் என்றும் எழுதினான். யந்திரத்துக்கு அந்தக் குறிப்பு தேவையே இல்லை. பின்னால் வருகிற மனிதனுக்காக எழுதினான். "அத்தான், இந்தத் தொடர் முடிகிற வரைக்கும்தான்" என்று நானும் நாலு சொல் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லாமல் போடுகிற தடைக்கு ஆயுள் முடிவதே இல்லை. ஏனென்றால் எப்போது முடிய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

காரணம் எழுதியிருந்தாலும் போதாது, யாராவது திரும்பிப் போய்ப் படிக்கவும் வேண்டும். டெபியன் என்ற அந்த ஸ்தாபனத்தார் விஷயத்தையே சொல்லலாம். தாங்கள் தரும் அமைப்பு முழுவதும் யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய சுதந்திரமான நிரல்களாகவே இருக்கும் என்று 1997-ல் ஓர் ஒப்பந்தம் எழுதி உலகத்துக்கு வாக்குக் கொடுத்தார்கள். உயர்ந்த கொள்கை. ஆனால் வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேர், கம்பெனிகள் மூடி வைத்திருக்கிற சரக்கு. கொள்கைப்படி அது அவர்களுடைய நிறுவல் தட்டில் இடம்பெறவில்லை. விளைவு, புதிதாக லினக்ஸ் போட உட்காருகிற ஏழை மாணவனுக்கு வைஃபை வராது. வைஃபை வராததால் அந்த ஃபர்ம்வேரைத் தேடி எடுக்கவும் வழி இராது. 2022-ல் அவர்கள் இதை வெளிப்படையாக விவாதித்து, ஓட்டெடுத்து, ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது. கொள்கையின் காரணம் போய்விட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. மூடிய சரக்கு இன்றும் மூடியதுதான். தடையின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்று பார்த்தார்கள். அது கம்பெனிகளின் தலையில் விழவில்லை. வாசலில் நின்ற மாணவன் தலையில் விழுந்தது. இப்படி ஒரு கணக்குப் பார்க்க அவர்களுக்கு இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. எனக்கு எட்டு வருஷம்.

அடுத்த வியாழக்கிழமை நான் போன் செய்யாமல் மாயவரம் போனேன். வாசலில் செருப்பை விட்டு, "இருக்கீங்களா அத்தான்?" என்றேன். அக்காள் பதறிக்கொண்டு வந்தாள். "என்னடா, எல்லாரும் சௌக்கியம்தானே? திடீர்னு வந்து நிக்கறியே!" சொல்லாமல் வந்தால் சாவுச் செய்தியோ என்று பயப்படுகிற நிலைக்கு நான் எங்கள் இரண்டு வீட்டையும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

அத்தான் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. கடைசியில் நானே எடுத்தேன். "அன்னிக்கு நான் போன் பண்ணிட்டு வாங்கன்னு சொன்னேனே, அது மனசிலே இருக்கா, அத்தான்?"

அவர் கொஞ்சங்கூட வருத்தமில்லாமல், "அதிலே என்னடா? நீ சொன்னது நியாயம்தானே. எழுதறவன் வீட்டுக்குச் சொல்லாம வரலாமா? எனக்குத்தான் அதுவரைக்கும் தெரியலை" என்றார்.

கோபம் இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவரிடம் கோபம் இல்லை. என் வார்த்தையைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, எட்டு வருஷம் அதற்குப் பணிந்து நடந்திருக்கிறார். "அது அந்தத் தொடருக்காகச் சொன்னது, தொடர் எப்பவோ முடிஞ்சு போச்சு" என்றேன். "அப்படியா?" என்று சிரித்தார். அவ்வளவுதான்.

யந்திரத்தையும் மனிதனையும் ஒப்பிடுவது இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. யந்திரத்தில் அந்த வரி ஒரே கோப்பில் இருந்தது. அதை மௌனமாக்கி, ஒரு தடவை எழுப்பியதும் பழையபடி ஆயிற்று. மனித விஷயத்தில் நான் எழுதிய வரியை நான் அழித்தாலும், அதன் நகல் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதை அழிக்க என்னால் முடியாது. அவர் அழித்துக்கொள்ளும்படி நான் நடந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அன்று முதல் மூன்று தடவை சொல்லாமல் போய்விட்டு வந்தேன். மூன்றாவது தடவை அக்காள் பதறவில்லை. "வா, கால் கழுவிட்டுச் சாப்பிட உட்காரு" என்றாள்.

அத்தான் இன்னும் வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி கண் டாக்டரிடம் வருகிறார். நான் ஒரு போன் செய்தால் நிச்சயம் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு மூன்று தடவை போனைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். ஆனால் அது மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்ப ஒட்டுகிற காரியம். அழைக்காமல் வீட்டில் உட்கார்ந்து, வருகிறாரா பார்ப்போம் என்று காத்திருக்கலாம். அதுவும் அழகல்ல, கண் தெரியாத மனிதரை வைத்துச் சோதனை பார்ப்பதாகும்.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை எழுத்தை மூடி வைத்துவிட்டு, மூன்றாவது தெருவுக்கு நடந்துபோய், டாக்டர் வீட்டு பெஞ்சியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. கையில் ஒரு பக்கோடாப் பொட்டலம் இருக்கும்.